சிரித்தால் வலிக்கும் தலை

எனக்கு முதன்முதலாகத் தலை வலித்த அன்று என் கணவர் ஒரு கதவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். பாறசாலை டிப்போ. பல வருடங்களாகப் பூவார், நெய்யாற்றின்கரைப் பக்கம்தான் அவருக்கு வேலை. டியூட்டி முடிந்து வந்து, குளித்து, சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அன்றைக்குப் பஸ்ஸில் நடந்ததைச் சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். சினிமாவுக்குக் கூட்டிப்போங்கள் என்று நான் அவரிடம் கேட்டதே இல்லை. தேவைப்படவில்லை.

"இன்னைக்கு திருப்புறத்துல ஒருத்தன் கதவோட கேறினான்" என்றார்.

"எந்தக் கதவு?"

"வீட்டுக் கதவாக்கும். அயனி மரத் தடி. தாழ்ப்பாளும் உண்டு. எலே, இத பஸ்சுல கேத்தப்பிடாதுன்னு சொல்லுததுக்குள்ள வண்டி எடுத்தாச்சு. அவன் நடுவழியில கதவ நிமித்தி வச்சிட்டு, அதுக்குப் பின்னால நிக்கியான்."

"பின்னே?"

"அடுத்த ஸ்டாப்புல ஒரு வயசான அம்மா கேறினா. முன்னால போவ வழியில்ல. என்ன செய்தா தெரியுமா? கதவத் தட்டினா."

"தட்டினாளா?"

"தட்டினா. அவன் அந்தாலயிருந்து ‘ஆரு?’ன்னு கேட்டான்."

நான் சிரித்தேன். சிரித்த அதே நொடியில் பின்மண்டையில், கழுத்தும் தலையும் சேரும் இடத்தில், உலக்கையால் குத்தியதுபோல ஒரு வலி. கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் குனிந்துவிட்டேன். குனிந்து குலுங்குகிற பெண் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அவர் மிகவும் சந்தோஷப்பட்டு, கதையை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொன்னார்.

சோறு ஆறுவதற்குள் வலி போய்விட்டது. நானும் மறந்துவிட்டேன்.

மறுவாரம் மிளகாய் தாளிக்கும்போது தும்மினேன். அதே இடம், அதே உலக்கை. பிறகு இருமலில் வந்தது. பள்ளிக்கூடத்தில் கீழே விழுந்த சாக்பீஸை எடுக்கக் குனிந்தபோது வந்தது. குழந்தைகள் தினத்துக்குப் பலூன் ஊதுகிற வேலை மூன்றாம் வகுப்பு டீச்சரான என் தலையில் விழுந்தது. ஒரு பலூனுக்கு மேல் ஊத முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபை ஆராதனையில் பாட்டு மேலே ஏறுகிற வரிகளில் வாயை மட்டும் திறந்து மூடினேன். பக்கத்தில் நின்ற பெண் அன்றைக்கு என் குரல் நன்றாக இருந்ததாகச் சொன்னாள்.

டாக்டரைப் பார்க்காமல் இல்லை. கண் டாக்டரிடம் போனேன். பவர் மாறியிருக்கிறது என்று புதுக் கண்ணாடி கொடுத்தார். அதைப் போட்டதில் என் கணவரின் முகம் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அது வலிக்கு நல்லதல்ல. மூக்கு டாக்டர் ஆவி பிடிக்கச் சொன்னார். இன்னொருவர் வாயு என்று சொல்லி மரச்சீனிக் கிழங்கை நிறுத்தினார். அவர்கள்மேல் குற்றமில்லை. எல்லோரும் "எப்போ வலிக்குது?" என்று கேட்டார்கள். "எடைக்கிடைக்கு" என்றேன். நாற்பது வயது தாண்டிய ஒரு டீச்சர், டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்து, சிரித்தால் தலை வலிக்கிறது என்று எப்படிச் சொல்வாள்? அப்படியானால் சிரிக்காதீர்கள் என்று அவர் சொல்லிவிட்டால் அதற்குப் பதில் என்ன?

விஷயத்தைக் கண்டுபிடித்தது என் மகள். கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அப்பா பேசினா தான் அம்மைக்குத் தலநோவு வருது."

அவர் கோபப்படவில்லை. "மக்கா, அது எல்லா வீட்டுலயும் உள்ளதாக்கும்" என்றார்.

நான் சிரித்தேன். வலித்தது. அவள் என்னைச் சுட்டிக்காட்டி, "பாருங்க" என்றாள்.

அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். இருமல், தும்மல், பலூன் எல்லாம். அவர் எச்சில் கையோடு என் பக்கம் திரும்பினார்.

"இம்புட்டு நாளும் நான் சொல்லச் சொல்ல உனக்கு வலிச்சிட்டா இருந்துது?"

"எல்லாத்துக்கும் இல்ல. நல்லா இருந்ததுக்கு மட்டும்."

இதை அவர் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் முழித்தார். பிறகு, இனி இந்த வீட்டில் தமாஷ் கிடையாது என்று அறிவித்தார்.

சொன்னபடி நடந்துகொண்டார். மறுநாள் சாயங்காலம் வந்தார், குளித்தார், சாப்பிட உட்கார்ந்தார். "பஸ்சுல என்ன விசேஷம்?" என்று கேட்டேன்.

"பஸ் ஓடிச்சு. ஆளு கேறிச்சு. ஆளு இறங்கிச்சு."

அதைச் சொல்லிவிட்டுச் செய்தி வாசிப்பவரைப்போல நேராகப் பார்த்தார். அவர் சொன்ன கதைகளிலேயே என்னால் தாங்க முடியாமல் போனது அதுதான். அன்று வலி அடங்க அதிக நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு அவர் முன்னறையில் டி.வி.யைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடத்தில் தப்பிக்க வழியில்லை. எட்டு வயதுப் பிள்ளைகள் நாள் முழுவதும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் பாதி மலையாளம், பாதி தமிழ். ஒரு நாள் ‘முயற்சி’ என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். ஒருத்தி எழுதிக் கொண்டுவந்தாள்: ‘முயற்சி என்ற சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரியாது.’ வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, பின்கழுத்தை இரண்டு கையாலும் அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். டீச்சருக்குப் பயங்கரக் கோபம் என்று நினைத்து வகுப்பே அடங்கிவிட்டது. அந்தப் பெண் அழுதாள். அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன். அதைப் பார்த்து இன்னும் பயந்தாள்.

இப்படியே ஒரு பருவம் போனது. நான் சிரிக்காத டீச்சர் ஆனேன். வராந்தாவில் நான் நடந்து வந்தால் பக்கத்து வகுப்பும் அமைதியாகும். தலைமையாசிரியை எப்போதும் என்னைப்பற்றி, பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கிறாள் என்று குறைபட்டுக்கொள்பவர். ஒரு நாள் என்னை அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"டீச்சருக்கு இப்பந்தான் ஒரு கண்டிப்பு வந்திருக்கு. இதை விட்டிரப்பிடாது கேட்டியளா" என்றார்.

விடமாட்டேன் என்று சொன்னேன்.

வீட்டில்தான் கஷ்டமாக இருந்தது. வலியைவிட அது கஷ்டம். அவருக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. கொஞ்ச நாள் கழித்து, டியூட்டி முடிந்து வந்ததும் நேராகப் பின்பக்க மதிலுக்குப் போக ஆரம்பித்தார். அடுத்த வீட்டு அண்ணன் அந்தப் பக்கம் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார். பென்ஷன் வாங்குகிறவர், நேரமுள்ளவர். முதலில் என் கணவரின் குரல் தாழ்ந்து கேட்கும். பிறகு அண்ணன் சிரிப்பார். பழைய ஜீப்பை ஸ்டார்ட் செய்வதுபோல இரண்டு மூன்று தடவை இழுத்து, பிறகு பற்றிக்கொள்ளும் அவர் சிரிப்பு. நான் அடுக்களை ஜன்னலில் நின்று காதைக் கொடுப்பேன். வார்த்தை எதுவும் பிடிபடாது. சிரிப்பு மட்டும் வந்து சேரும். என் புருஷன் வேறு பெண்ணோடு பேசிக்கொண்டு நின்றிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன்: "அண்ணனுக்கு என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா அவரு அப்படிச் சிரிச்சாரு?"

"எட்டி, சொன்னா உனக்கு நோவும்" என்றார், மருந்துச்சீட்டு வாசிப்பதுபோல.

அடுத்து நடந்ததற்கும் சிரிப்புக்கும் சம்பந்தமில்லை. ஒரு காலையில் புட்டு அவித்துவிட்டுப் புட்டுக்குழாயை, எங்கள் பேச்சில் குற்றியை, இறக்கிவைத்தேன். மகள் பின்னாலிருந்து கத்தினாள்.

"அம்மா, துணி!"

துணி இல்லாமல் இடது கையால் பிடித்திருந்தேன். குற்றி கையில் இருப்பது தெரிந்தது. அதன் வழுவழுப்பு, கனம் எல்லாம் தெரிந்தது. சூடு மட்டும் தெரியவில்லை. பத்து மணிக்குள் விரல்களில் கொப்புளம் வந்தது. அதுவும் வலிக்கவில்லை. வலிக்க வேண்டியது வலிக்காமலும் வலிக்கக்கூடாதது வலித்தும் இருந்தால் ஏதோ கோளாறு என்று மகள் சொன்னாள். அன்றே நெய்யாற்றின்கரைக்குப் போனோம். அங்கே ஒரு பெண் டாக்டர், பொது மருத்துவம் பார்ப்பவர், நிதானமாகக் கேட்பார் என்று என் நாத்தனார் சொல்லியிருந்தாள்.

அங்கே கூட்டம். என் பக்கத்தில் பெருங்கடவிளையிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். ரப்பர் பால் வெட்டுகிறவர். இருட்டோடு எழுந்து, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவாராம். மாதக்கணக்கில் தலைவலி. மரத்தின் மணம், பனி, தூக்கக்குறைவு என்று பார்ப்பவர்களெல்லாம் காரணம் சொல்லிவிட்டார்கள். போன தடவை இந்த டாக்டர், வரும்போது அந்த லைட்டையும் கொண்டுவாருங்கள் என்றிருக்கிறார். கொண்டுவந்து கட்டிக் காட்டினாராம். பட்டை இறுக்கமாக இருந்திருக்கிறது. வழுக்கி விழாமலிருக்க அவரே ஒரு முடிச்சு போட்டிருந்தார்.

"அந்த முடிச்ச அவுத்தேன். தலநோவு போச்சு" என்றார்.

"பின்ன இன்னைக்கு எதுக்கு வந்திய?"

"போச்சுன்னு சொல்ல வந்தேன்."

என் கணவர் சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று அவர் மனதுக்குள் கதை கட்டிக்கொண்டிருக்கிறார் என்று அவர் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

உள்ளே போனோம். டாக்டர் மலையாளத்தில் பேசினார். எங்கே வலிக்கிறது, எவ்வளவு நேரம் என்று கேட்டுவிட்டு, "எப்போழாணு வருந்நது?" என்றார். நான் வழக்கம்போல இடைக்கிடைக்கு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"சிரிக்கும்போ" என்றார் என் கணவர்.

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். இருமினால்? தும்மினால்? குனிந்தால்? கக்கூஸில் முக்கினால்? ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என் வாழ்க்கையை யாரோ அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டதுபோல இருந்தது. பிறகு கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். முழங்காலில் சுத்தியலால் தட்டினார். தரையில் டைல்ஸ் சேரும் கோட்டில் குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொன்னார். பஞ்சால் கையைத் தொட்டார், தெரிந்தது. குளிர்ந்த இரும்புத் துண்டால் தொட்டார். வலது கையில் குளிர்ந்தது, இடது கையில் வெறும் இரும்பாக இருந்தது.

"ஒந்நு சிரிச்சே" என்றார்.

முயன்றேன். டாக்டர் சிரி என்றால் யாருக்குச் சிரிப்பு வரும்? ஹ ஹ என்றேன். அது மூன்றாம் வகுப்புப் பாடம் வாசிப்பதுபோல இருந்தது. அவர் என் கணவரைப் பார்த்து, ஏதாவது சொல்லச் சொன்னார்.

"நிங்ஙள் எந்தெங்கிலும் பறயூ."

பஸ் நிறைய ஆட்களைச் சிரிக்கவைத்தவர், கல்யாண வீடுகளில் ஆட்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருகிற மனுஷர், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நெற்றி வேர்த்தது. உதட்டை நனைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் வரல்லே" என்றார் கடைசியில்.

எனக்கு அவர்மேல் பெரிய இரக்கம் வந்தது. நானே பலமாக இருமினேன். உலக்கை விழுந்தது. டாக்டர் என் பின்கழுத்தில் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அது அடங்கும்வரை நின்றார். பிறகு சொன்னார்: இருமும்போதும் சிரிக்கும்போதும் தலைக்குள் அழுத்தம் கூடும். அதில் வலி வருகிற பலருக்கு உள்ளே ஒன்றும் இருக்காது, மாத்திரையில் போய்விடும். சிலருக்குப் பின்மண்டையில் காரணம் இருக்கும். இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது. கை மரத்துப்போனதால் தாமதிக்க வேண்டாம், தலைக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஸ்கேன் எடுக்க வேண்டும். பயப்பட வேண்டாம், ஆனால் ஓணத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்றும் இருக்க வேண்டாம்.

ஸ்கேன் திருவனந்தபுரத்தில். தாலிச்செயினையும் கம்மலையும் கழற்றி மகளிடம் கொடுத்தேன். குழாய்க்குள் போவதற்கு முன்னால் அங்கிருந்தவர் சொன்னார்: அசையக்கூடாது, இருமக்கூடாது, நிறையச் சத்தம் கேட்கும், பயப்படக்கூடாது. சிரிக்கக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. அதற்குத் தேவை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

கண்ணை மூடிக்கொண்டு வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் சொல்ல ஆரம்பித்தேன். மெஷின் முதலில் முனகியது. அப்புறம், என் காதுக்கு மிகப் பக்கத்தில், டக் டக் டக் என்று கதவைத் தட்டியது.

‘ஆரு?’ என்று என் மனதுக்குள் யாரோ கேட்டார்கள்.

அடக்கினேன். மெஷின் மறுபடியும் தட்டியது. வயிறு குலுங்கியது, பின்மண்டையில் விழுந்தது, தலை ஆடியது. ஸ்பீக்கரில் குரல் வந்தது: "சேச்சி அனங்ஙருது." அசைந்ததற்கு மன்னிக்கச் சொன்னேன். மூன்று தடவை எடுத்தார்கள். வெளியே வந்தபோது கண்ணெல்லாம் நீர். அங்கிருந்த நர்ஸ் என் தோளைத் தொட்டு, எல்லோரும் முதல் தடவை அழுவார்கள் என்று ஆறுதல் சொன்னாள்.

படத்தைப் பார்த்த மூளை அறுவை டாக்டர் அதிகம் பேசாதவர். படத்தை வெளிச்சத்தில் வைத்து, பேனா முனையால் காட்டினார். மூளையின் பின்பகுதியில் சிறுமூளை என்று ஒன்று இருக்கிறது. அதன் அடிப்பகுதி, மண்டை ஓட்டின் கீழ்த்துளை வழியாகக் கழுத்துக்குள் இறங்கி நிற்கிறது. பிறவியிலேயே அந்த இடம் சிறிதாக இருந்திருக்கும். சிரிக்கும்போதும் இருமும்போதும் அது குப்பியில் அடைப்புபோல இறுகிக்கொள்கிறது; அதுதான் வலி. நீர் ஓட வழியில்லாமல் கழுத்துத் தண்டுவடத்துக்குள் தேங்கியிருக்கிறது. அதனால்தான் கை மரத்துப்போனது. மாத்திரையில் தீராது. பின்னால் கொஞ்சம் எலும்பை எடுத்து இடம் உண்டாக்க வேண்டும்.

என் கணவர் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், இவளுக்கு மூளை கூடுதலு, தலையில இடம் பத்தல்ல. அப்படியா?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார்.

"அதே" என்று ஆமோதித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் வந்தோம். அவருக்குத் தெரிந்த கண்டக்டர். பலராமபுரம் தாண்டும்வரை என் கணவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். எனக்கு அது வராது. எங்கள் வீட்டில் அந்த வேலை எப்போதும் அவருடையது.

"படிக்கும்போ பள்ளிக்கூடத்துல எல்லாரும் எனக்கு மூளையே இல்லேன்னு சொன்னாங்க. இப்போ படமே எடுத்து வச்சாச்சு" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். முகம் சிரிக்கிற மாதிரி ஆரம்பித்து வேறு மாதிரி முடிந்தது. துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார். நெய்யாற்றின்கரை வந்ததும், பழக்கதோஷம், எழுந்து நின்று, "நெய்யாற்றின்கர இறங்ஙானுள்ளவர்" என்று சத்தமாகக் கூவினார். டியூட்டியிலிருந்த கண்டக்டர் பெல்லை அடித்தார்.

அறுவைக்கு நாள் குறித்ததும் செய்தி பரவியது. சபையிலிருந்து வந்து ஜெபித்தார்கள். ஒரு மூப்பர், கர்த்தர் எனக்கு நகைப்பைத் திரும்பத் தரவேண்டும் என்று கண்ணை இறுக மூடி மிக நீளமாக வேண்டிக்கொண்டார். நகைப்பு என்ற சொல்லை அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் என் மகள் என் கையைக் கிள்ளினாள். நான் தப்பித்தேன். அடுத்த வீட்டு அண்ணன் கோயிலில் எனக்காக ஒரு வழிபாடு நடத்த வேண்டும் என்று வந்தார். நட்சத்திரம் என்ன என்று கேட்டார். எங்கள் வீட்டில் அதெல்லாம் குறித்துவைக்கும் வழக்கமில்லை. அவர் தன் மனைவியின் நட்சத்திரத்தைச் சொல்லி நடத்திவிட்டார். "அவளுக்கு இப்போ அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார்.

அறுவையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் அங்கே விழித்திருக்கவில்லை. முந்தின நாள் பின்தலையில் முடி மழித்தார்கள். விழித்தபோது கழுத்துக்குப் பின்னால் ஒரு பலகையைத் தைத்துவைத்ததுபோல இருந்தது. முதல் இரண்டு நாளும் வாந்தியும் வலியும். அது உலக்கையல்ல, வேறு வலி, எப்போதும் இருக்கிற வலி. பயமாகத்தான் இருந்தது. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, என் இடது கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட்டை எண்ணுகிற அதே விரல்களால்.

"தெரியுதா?"

"தொடுதது தெரியுது. உங்க கை சூடா, குளிரான்னு தெரியல்ல."

"சூடு தான். நம்பிக்கோ" என்றார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் நிபந்தனைகள் சொன்னார். கனம் தூக்கக்கூடாது. முக்கக்கூடாது, அதற்கு ஒரு மருந்து எழுதியிருக்கிறது. தையல் ஆறும்வரை பலமாக இருமவோ தும்மவோ சிரிக்கவோ கூடாது.

"பின்னயும் சிரிக்கப்பிடாதா?" என்று என் கணவர் கேட்டார். இடம் உண்டாக்கியாயிற்றே என்பது அவர் வாதம்.

"புதிய சிமென்டாணு" என்றார் டாக்டர்.

ஆகவே எங்கள் வீடு மறுபடியும் மரணவீடுபோல ஆனது. பார்க்க வருகிறவர்களை அவர் வாசலிலேயே நிறுத்தி, தமாஷ் பேசப்பிடாது என்று சொல்லித்தான் உள்ளே விடுவார். அதைக் கேட்டு உள்ளே வருகிறவர்கள், அதுவரை தமாஷைப்பற்றி நினைத்தே இராதவர்கள், உட்கார்ந்ததும் சிரிப்பை அடக்க ஆரம்பிப்பார்கள். நாத்தனார் ஒரு நாள் ஆரஞ்சுப்பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "மைனி, நான் பெறகு வாறேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். எனக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது. யாராவது கூப்பிட்டால் பஸ்ஸை வளைப்பதுபோல மொத்த உடம்பையும் திருப்ப வேண்டும். எல்லாம் முடிந்து நான் திரும்பும்போது கூப்பிட்டவர் போயிருப்பார்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது தையல் தடத்தைப் பார்த்துவிட்டு டாக்டர், "இனி சுமச்சே" என்றார். இருமு என்கிறார்.

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கணவர் என் நாற்காலியையே பிடித்துக்கொண்டார். இருமினேன். உலக்கைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒந்நுகூடி."

பலமாக இருமினேன். ஒன்றும் இல்லை. கழுத்துத் தசை கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான். டாக்டர் ஏதோ எழுதினார். கை மரப்பு மெல்ல மாறலாம், முழுதும் மாறாமலும் போகலாம், அடுப்படியில் வலது கையை நம்புங்கள் என்றார். அது அப்படியே ஆனது. இன்றும் இடது கையால் நான் எதன் சூட்டையும் நம்புவதில்லை.

விடுப்பு முடிந்து பள்ளிக்குப் போனேன். வகுப்பில் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். ஒரு பெஞ்சுகூடக் கிரீச்சிடவில்லை. என் பின்தலையில் குறைந்திருந்த முடியைப்பற்றிக்கூட யாரும் கேட்கவில்லை. நான் ஒரு தடவை சிரித்துக் காட்டினேன். முன்வரிசைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களைப் பழையபடி சத்தம்போட வைக்க எனக்குக் கிறிஸ்துமஸ் வரை ஆயிற்று. தலைமையாசிரியை வருத்தப்பட்டார். ஆபரேஷனில் ஏதாவது நரம்பு தப்பிப்போயிருக்குமோ என்று அலுவலகத்தில் கேட்டாராம்.

வீட்டில் இன்னும் கொஞ்சம் நாளானது. அவர் மறுபடியும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார், கதையும் சொன்னார். ஆனால் சிரிக்கவேண்டிய இடம் வருவதற்குச் சற்று முன்னால் நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பார். நான் சரியாக இருக்கிறேனா, சொல்லலாமா என்று. அந்த நிறுத்தத்தில் கதை செத்துவிடும். நான் அவருக்காகச் சிரிப்பேன். அவருக்கும் தெரியும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் மரியாதை காட்டிக்கொண்டது அந்த நாட்களில்தான். எங்கள் இரண்டு பேருக்கும் அது சரிப்படவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் தொப்பலாக நனைந்து வந்தார். சாளை வறுத்திருந்தேன். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவர், மீனைப் பிய்த்துக்கொண்டே ஆரம்பித்தார். உதியன்குளங்கரையில் ஏறிய ஒருவன், பஸ் ஒழுகுகிறது என்று உள்ளேயே குடையை விரித்துவிட்டான். மடக்கச் சொன்னால் கேட்கவில்லை. அந்தக் குடைக்குள் பக்கத்து சீட்டுக்காரன் வந்தான். பிறகு பின்சீட்டு ஆளும் தலையை நீட்டினான். ஆலும்மூடு வந்தது. குடைக்காரன் இறங்க எழுந்தான். மற்ற இரண்டு பேருக்கும் அது இறங்கும் இடமில்லை.

"பின்னே?" என்றேன்.

"நனையாண்டாம்னு அவனுவளும் கூடவே இறங்கிட்டானுவோ."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். நான் சோற்றில் கையை வைத்தபடி, கண்ணீர் வர, மூச்சு முட்டச் சிரித்தேன். மகள் எழுந்து வந்து என் முதுகைத் தடவினாள்.

"அப்பா, நிறுத்துங்க. அம்மைக்குப் பொரை ஏறிச்சு."

"தண்ணி குடு" என்றார் அவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "இன்னும் முடியல்ல. ரெண்டு பேருக்கக் கையிலயும் மிச்சத் தூரத்துக்கு டிக்கெட்டு இருக்கு இல்லியா, அந்தப் பைசாக்குத் தான் என்கிட்ட சண்ட."